பாம்புக்கு ஒரு பேழை

தில்லியில் அரசினர் குடியிருப்பு ஒன்றில் நாம் பல ஆண்டுகளாக வாழ்ந்து வருகின்றோம். சென்ற மார்கழித் திங்களில், குளிர் மிகுந்த ஓர் இரவு, மேல்மாடியில் வாழும் நண்பரின் மகன் நம் கதவைத் தட்டினான். திருநெல்வேலிக் குடும்பம், பதினான்கு வயதுச் சிறுவன். "மாமா, என் பாம்பின் வயிறெல்லாம் கொப்புளமாக இருக்கிறது. அப்பா ஊரில் இல்லை. டாக்டரிடம் கொண்டுபோக வேண்டும்" என்றான். அவன் கையில் துணி சுற்றிய ஒரு பிளாஸ்டிக் பெட்டி இருந்தது. நம்மிடம் ஒரு கார் உண்டு என்பதன்றி நம்மைத் தேடி அவன் வந்ததற்கு வேறு காரணம் இல்லை.

கால்நடை மருத்துவர் பார்த்தார். நோய் அன்று, தீப்புண் என்றார். குளிருக்கு இதமாக இருக்கட்டும் என்று சிறுவன் பெட்டியின் அடியில் மின்சார வெப்ப விரிப்பை முழுதாகப் பரப்பி, அதனைக் கட்டுப்படுத்தும் கருவி எதுவுமின்றி இரவு முழுதும் எரியவிட்டிருக்கின்றான். பெட்டியில் பாம்பு ஒதுங்குவதற்குக் குளிர்ந்த மூலை ஒன்றேனும் இல்லை. அன்பினால் செய்த செயலே தீங்காய் முடிந்தது.

அதன் பின்னர் அச்சிறுவனுக்குத் துணையாக நாமும் இப்பொருள் பற்றிச் சிறிது பயில நேர்ந்தது. பம்பாய், கல்கத்தா, பெங்களூர் என்று இன்றும் நம்மவர் நாவில் வழங்கும் நகரங்களிலெல்லாம் தமிழ்க் குடும்பத்துப் பிள்ளைகள் சிலர் இவ்வகை உயிர்களை விரும்பி வளர்க்கத் தொடங்கியுள்ளனர். பெற்றோர்க்கு அச்சம் ஒருபுறம், அறியாமை ஒருபுறம். அவர்கட்குப் பயன்படும் என்று கருதியே இதனைக் கூறுகின்றோம்.

முதற்கண் சட்டத்தைக் காண்போம். நல்ல பாம்பு, சாரைப் பாம்பு, நம் காடுகளில் வாழும் மலைப்பாம்பு ஆகியவை 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தால் காக்கப்பட்டவை. இவற்றைப் பிடிப்பதும் வீட்டில் வைத்திருப்பதும் சிறைத்தண்டனைக்குரிய குற்றமாகும். தோட்டத்தில் கண்ட குட்டியை எடுத்து வளர்ப்போம் என்னும் எண்ணத்திற்கே இடமில்லை. வீட்டில் வளர்க்கப்படுவன பெரும்பாலும் வெளிநாட்டு இனங்கள். அவற்றுள் அழிவுக்குள்ளாகும் உயிரினங்களின் வணிகம் பற்றிய அனைத்துலக உடன்படிக்கையின் அட்டவணைகளில் இடம் பெற்றவை, 2022ஆம் ஆண்டின் திருத்தச் சட்டத்தால் நம் நாட்டுச் சட்டத்திற்குள்ளும் கொண்டுவரப்பட்டன. அவற்றை வைத்திருப்போர் பதிவு செய்தல் வேண்டும். கைமாறினாலும், குட்டி பிறந்தாலும், இறந்தாலும் தெரிவித்தல் வேண்டும். இதற்கான விதிகள் 2024இல் வெளிவந்தன. பேழை வாங்குமுன் இந்தச் சீட்டு கையில் இருத்தல் வேண்டும் என்பதை நினைவிற் கொள்க.

நம் நாட்டில் மிகுதியாக வளர்க்கப்படும் இனங்கள் இரண்டு. ஒன்று, மேற்கு ஆப்பிரிக்காவிலும் நடு ஆப்பிரிக்காவிலும் வாழும் சிறிய மலைப்பாம்பு. அஞ்சினால் பந்துபோல் சுருண்டுகொள்ளும் இயல்பினால் ஆங்கிலத்தில் இதற்குப் 'பால் பைத்தான்' என்று பெயர். பாலுக்கும் இதற்கும் தொடர்பில்லை. பாம்பு எதுவும் பாலுண்டு வாழும் உயிரன்று. இவ்வினம் மேற்கூறிய உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் உள்ளது. எனவே பதிவு கட்டாயம். மற்றொன்று, அமெரிக்காவின் தென்கிழக்குப் பகுதியைச் சேர்ந்த கார்ன் பாம்பு. இது வந்த வழியைக் காட்டும் சான்றையும் வாங்கி வைத்தல் நன்று. இரண்டும் நஞ்சற்றவை, பெரும்பாலும் 3 முதல் 5 அடி வரை வளர்பவை.

இனிப் பேழையின் இயல்பைக் காண்போம். பாம்பு தன் உடலின் வெப்பத்தைத் தானே உண்டாக்கி நிலைநிறுத்திக் கொள்ள இயலாத உயிர். இயற்கையில் வெயிலுக்கும் நிழலுக்குமாக ஊர்ந்து தன் வெப்பத்தைச் சரிசெய்து கொள்ளும். பேழைக்குள் அடைத்தபின் அந்த வெயிலும் நிழலும் நாம் அமைத்துக் கொடுப்பவையே. ஆகவே, பேழை என்பது பாம்பு தப்பாமல் காக்கும் சிறையன்று. அதற்கு வேண்டிய வெம்மை, ஈரம், மறைவு, காற்று ஆகிய நான்கையும் அளவோடு தாங்கி நிற்கும் ஒரு சிறு நிலம் எனல் வேண்டும்.

மாமல்லபுரத்தை அடுத்த வடநெம்மேலியில், 1978இல் தொடங்கப்பெற்ற இருளர் கூட்டுறவுச் சங்கத்தார் அரசின் இசைவுடன் நஞ்செடுக்கும் பாம்புகளை மண்பானைகளில் வைத்து, வாயைத் துணியால் கட்டிக் காப்பதை நேயர்களுள் சிலர் கண்டிருக்கலாம். இருளும் நெருக்கமும் பாம்புக்கு அமைதி தருவன என்னும் பட்டறிவு அதில் உண்டு. ஆனால் அங்குப் பாம்பு தங்குவது சில வாரங்களே. பிறகு காட்டில் விடப்படும். வீட்டுப் பாம்போ ஆயுள் முழுதும் அங்கேயே இருப்பது. பானையின் அமைதியும் வேண்டும். ஊர்ந்து உலவ இடமும் வேண்டும். பிளாஸ்டிக் பேழையை நல்ல முறையில் தேர்ந்தெடுத்தால் இரண்டும் கிடைக்கும்.

கண்ணாடித் தொட்டி அழகியது. ஆயினும் கனமானது, எளிதில் வெப்பத்தை இழப்பது. அதன் மேல் வலைமூடி இட்டால் ஈரமும் விரைவில் வெளியேறிவிடும். மரப்பெட்டி நீரை உறிஞ்சி உளுத்துப் போகும். பிளாஸ்டிக்கு எடை குறைந்தது, ஈரத்தைக் காப்பது, வழுவழுப்பான சுவருடையதாதலின் கழுவுவதற்கு எளியது. ஆனால் பிளாஸ்டிக்கு என்பது ஒரு பொருளன்று. பல பொருள்களின் பொதுப் பெயர். பெட்டியின் அடியில் முக்கோணக் குறிக்குள் காணப்படும் எண் அதன் வகையைத் தெரிவிக்கும்.

5 என்னும் எண் பாலிபுரோப்பிலீனைக் குறிக்கும். இத்தாலிய அறிஞர் ஜூலியோ நட்டா 1954இல் உருவாக்கியது இது; அவருக்கு 1963இல் நோபல் பரிசை ஈட்டித் தந்த ஆராய்ச்சியின் பயன். கடைகளில் துணிமணிகள் வைப்பதற்கென்று விற்கும் மூடிப் பெட்டிகளில் பல இதனால் ஆனவையே. கொதிநீரின் வெப்பத்தையும் தாங்கும். துப்புரவு நீர்மங்களால் எளிதில் கெடாது. இளம் பாம்புக்கு இதுவே ஏற்றது. 2 என்னும் எண்ணுடைய அடர்த்தி மிகுந்த பாலிதீனும் நல்லது. 1 என்னும் எண்ணுடையது தண்ணீர்ப் புட்டிகள் செய்யும் வகை. சுடுநீர் பட்டால் கோணிப் போகும். 6 என்பது பாலிஸ்டைரீன், எளிதில் நொறுங்கும். இவ்விரண்டையும் விலக்குக.

வளர்ந்த பாம்புக்குப் பெட்டி போதாது. அலமாரி போன்ற பேழை வேண்டும். சமையலறை அலமாரிகள் செய்யப் பயன்படும் பி.வி.சி. நுரைப்பலகை இதற்கு உகந்தது. அதன் உள்ளே நுண்ணிய காற்றறைகள் நிறைந்திருப்பதால் வெப்பம் எளிதில் வெளியேறாது, நீரில் ஊறாது. முன்புறம் மட்டும் ஒளி புகும் அக்ரிலிக் தகடு பொருத்தலாம். தச்சரிடம் கொடுத்துச் செய்விப்போர், பசையின் வாடை முற்றும் நீங்கும் வரை பல நாள் திறந்து வைத்த பின்னரே பாம்பை உள்ளே விடுதல் வேண்டும்.

அளவு பற்றி ஒரு சொல். பாம்பு தன் உடலை முழுதும் நீட்டிப் படுக்க இடமிருத்தல் நன்று. 4 அடிப் பாம்புக்கு 4 அடி நீளமும் 2 அடி அகலமும் கொண்ட தரை வேண்டும். குட்டிக்குச் சிறிய பெட்டியே போதும் என்பர். பெரிய வெட்டவெளியில் விட்டால் அது அஞ்சி உணவு கொள்ளாமல் இருத்தலும் உண்டு. எனினும் அளவைக் காட்டிலும் மறைவிடமே அந்த அச்சத்தைத் தீர்க்கும். வெம்மையான பக்கத்தில் ஒன்று, குளிர்ந்த பக்கத்தில் ஒன்று என இரண்டு மறைவிடங்கள் வைத்தல் வேண்டும். ஒன்றே வைத்தால், மறைவா வெம்மையா என்று பாம்பு இரண்டில் ஒன்றை இழக்க நேரும். கவிழ்த்த பூந்தொட்டியின் விளிம்பில் வாயில் வெட்டினால் அதுவே போதும். வெட்டிய ஓரம் மழுங்கத் தேய்த்திருத்தல் வேண்டும்.

கதவு மேற்புறம் இருப்பதினும் முன்புறம் இருப்பதே நலம். பாம்பைக் கவரும் பருந்தும் ஆந்தையும் மேலிருந்து வருவன. மேலிருந்து இறங்கும் கையைக் கண்டாலும் அது வெருளும். கதவு எதுவாயினும் பூட்டு உறுதியாக இருத்தல் இன்றியமையாதது. கார்ன் பாம்பு தன் தலை நுழையும் இடைவெளி வழியே உடல் முழுவதையும் வெளியேற்ற வல்லது. மூடியின் ஒரு மூலையைத் தூக்கிப் பார்த்து, எத்துணை இடைவெளி உண்டாகின்றது என்பதை வாங்கும் போதே அறிந்து கொள்க.

காற்றுத் துளைகள் எதிரெதிர்ச் சுவர்களில், ஒரு பக்கம் தாழ்வாகவும் மறு பக்கம் உயர்வாகவும் அமைந்தால் காற்று தேங்காமல் ஊடுருவிச் செல்லும். உள்ளிருந்து வெளிநோக்கித் துளையிட்டால் கூர்மையான பிசிறு வெளிப்புறமே நிற்கும். பாம்பின் மூக்கு உராய்ந்து புண்ணாகாது. பற்றவைக்கும் கம்பியால் துளையிடுவோர் திறந்த வெளியில் செய்க. உருகும் பிளாஸ்டிக்கின் புகை நமக்கும் தீது. இவ்வேலையெல்லாம் பாம்பு வருமுன் முடிந்திருத்தல் வேண்டும்.

இனி வெப்பம். நம் அண்டை வீட்டுச் சிறுவன் தவறிய இடம் இதுவே. வெப்ப விரிப்பு பேழையின் வெளியே, அடிப்பரப்பின் மூன்றில் ஒரு பங்குக்கு மட்டும் இருத்தல் வேண்டும். தெர்மோஸ்டாட் என்னும் வெப்பக் கட்டுப்படுத்தி இன்றி அதனை இயக்குதல் கூடவே கூடாது. பால் பைத்தானுக்கு வெம்மையான பக்கத்தின் தரை 31 முதல் 33 டிகிரி செல்சியஸ், குளிர்ந்த பக்கம் 24 முதல் 27 டிகிரி என்பது பொதுவான கணக்கு. கார்ன் பாம்புக்கு இரு பக்கமும் ஓரிரு டிகிரி குறைவாக இருக்கலாம். பாம்பு கீழிருந்து சுடும் வெப்பத்தை உணர்ந்து உடனே விலகிவிடும் என்று நம்பற்க. புண்ணாகும் வரை அங்கேயே படுத்திருத்தலும் உண்டு. கையால் தொட்டுப் பார்த்து, "இளஞ்சூடுதான்" என்று முடிவு செய்வதும் பிழை. இரு பக்கமும் வெப்பமானி வைத்து அளந்து பார்த்தலே முறை.

பேழையை வெயில் படும் சன்னலோரத்தில் வைத்தல் பெருந்தீங்கு. மூடிய பிளாஸ்டிக்குப் பெட்டியில் புகுந்த வெயிலின் வெம்மை வெளியேறாமல் பெருகும். பாம்புக்கு வியர்வை இல்லை, ஒதுங்கவும் இடமில்லை. சில நிமிடங்களே அதன் உயிரைப் போக்கப் போதும்.

நாம் வாழும் நகரத்திற்கு ஏற்பவும் முறை மாறும். தில்லியில் குளிர்காலத்து இரவு 5 டிகிரிக்கும் தாழும். கோடையில் பகல் 45 டிகிரியை எட்டும். ஆகவே இங்குக் குளிருக்கு மட்டுமன்றிக் கோடைக்கும் அஞ்ச வேண்டும். கோடையில் வெப்ப விரிப்பை நிறுத்தி, வீட்டின் உள்ளறையில், தரையை ஒட்டிப் பேழையை வைத்து, அறையையே குளிர்வித்தல் வேண்டும். மின்சாரம் நின்றால், உறைந்த நீர் நிறைந்த புட்டியைத் துணியிற் சுற்றிப் பேழையின் வெளிச்சுவரில் சாய்த்து வைக்கலாம். குளிர்காலத்தில் மின்சாரம் நின்றால் சுடுநீர்ப் புட்டியை அவ்வாறே வெளிப்புறம் வைத்துக் கம்பளியால் போர்த்தலாம். காற்றுத் துளைகளை மட்டும் மூடிவிடலாகாது.

மும்பையிலும் கொல்கத்தாவிலும் இடர் வேறு வகையது. மழைக்காலத்தில் காற்றே ஈரம் சுமந்து நிற்கும். பால் பைத்தானுக்கு 55 முதல் 70 விழுக்காடு ஈரப்பதம் வேண்டும்; கார்ன் பாம்புக்கு 40 முதல் 60 விழுக்காடு போதும். அதற்கு மேல் தரை நனைந்தே கிடந்தால் வயிற்றுச் செதில்களில் கொப்புளமும் அழுகலும் தோன்றும், பூஞ்சணமும் பிடிக்கும். ஈரம் குறைந்தாலோ சட்டை முழுதாக உரியாமல் துண்டு துண்டாக ஒட்டிக்கொள்ளும். கண்ணை மூடிய படலமும் நீங்காமல் நிற்கும். ஒட்டியதைப் பிய்த்தெடுக்க முனையலாகாது. சட்டை உரிக்கும் காலத்தில் கண் பால்போல் மங்கும். அப்போது ஈரத் தேங்காய்நார்த் தூள் இட்ட சிறு மறைவிடம் ஒன்றை வைத்தால் பெரும்பாலும் தானே சரியாகும். பெங்களூரின் மிதமான தட்பவெப்பத்தில் வாழ்வோர்க்கு இத்தொல்லைகள் குறைவு. ஆயினும் வெப்பமானியும் ஈரமானியும் அங்கும் வேண்டும்.

தரைக்கு எளியது செய்தித்தாள். நாள்தோறும் மாற்றுவதற்கு வசதியானது. ஈரம் காக்கத் தேங்காய்நார்த் தூள் சிறந்தது. தேவதாரு, பைன் முதலிய மரங்களின் இழைப்புத் தூளைத் தவிர்க்க. அவற்றின் நறுமண எண்ணெய் பாம்பின் மூச்சுக்குக் கேடு விளைக்கும்.

பராமரிப்பு என்பது வழக்கத்தால் வருவது. நாள்தோறும் நீர் மாற்றுக, வெப்பமானியைப் பார்க்க, பூட்டை இழுத்துப் பார்க்க. கழிவு கண்டபோதே அதனையும் அதைச் சுற்றியுள்ள தூளையும் அகற்றுக. திங்களுக்கு ஒருமுறை பாம்பை வேறொரு பாதுகாப்பான பெட்டியில் விட்டு, பேழை முழுவதையும் கழுவுக. முதலில் சோப்பு நீரால் அழுக்கை நீக்கி, பின்னர் வெளுப்பு நீர் 1 பங்குடன் தண்ணீர் 30 பங்கு கலந்து பூசி, 10 நிமிடம் விட்டு, வாடை நீங்கும் வரை நல்ல நீரால் அலசி, நன்கு உலர்த்தி, அதன் பின்னரே பாம்பை உள்ளே விடுக. வெளுப்பு நீருடன் அம்மோனியாவோ வினிகரோ சேர்த்தால் நச்சுவாயு எழும், ஒருபோதும் கலவற்க.

நம் வீடுகளில் தரை துடைக்கப் பயன்படும் பினாயிலைப் பேழையின் அருகிலும் கொண்டு செல்லலாகாது. பினால் வகைப் பொருள்கள் ஊர்வனவற்றிற்கு நஞ்சாகும். அந்துருண்டையும் அவ்வாறே. அக்ரிலிக் தகட்டைச் சாராயச் சத்து உள்ள நீர்மத்தால் துடைத்தால் மயிரிழை போன்ற வெடிப்புகள் தோன்றும். பாலிகார்பனேட் தகட்டுக்கு அம்மோனியா கலந்த கண்ணாடித் துடைப்பு நீர் ஆகாது. கம்பித் தேய்ப்பான் எதற்கும் ஆகாது. கீறல் விழுந்த இடமெல்லாம் கிருமிக்கு உறைவிடமாகும். சுவர் மிகுதியாகக் கீறியோ, மூடி வெடித்தோ, தாழ் தளர்ந்தோ போனால் ஒட்டுப் போட்டுக் காலம் கடத்தாமல் மாற்றிவிடுதல் வேண்டும்.

வீட்டாரின் நலம் பற்றியும் கூறல் வேண்டும். ஊர்வனவற்றின் குடலில் சால்மொனெல்லா என்னும் கிருமி வாழ்தல் இயல்பு. பாம்பு நலமாகவே காணப்படும். ஆனால் அக்கிருமி மனிதர்க்குக் கடும் வயிற்றுப்போக்கை உண்டாக்க வல்லது. எனவே பேழையைச் சமையலறைத் தொட்டியில் கழுவலாகாது. வாளியும் துணியும் தனியே இருத்தல் வேண்டும். தொட்ட பின் சோப்பிட்டுக் கை கழுவுக. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளையும், முதியோரையும், கருவுற்ற பெண்டிரையும் அகற்றி வைத்தல் நலம்.

அண்டை அயலாரையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். இந்தியாவில் 2000 முதல் 2019 வரை ஆண்டுக்குச் சராசரி 58,000 பேர் பாம்புக்கடியால் இறந்தனர் என்று 2020இல் வெளிவந்த ஓர் ஆய்வு கணக்கிட்டுள்ளது. அத்தகைய நாட்டில் பாம்பைக் கண்டு அஞ்சுவோரைப் பேதையர் என்று இகழ்வது முறையன்று. மாடிப்படியில் ஊரும் பாம்பு நஞ்சற்றது என்பதை அறிய அவர்கட்கு வழியில்லை, தடியெடுத்து அடிப்பர். வேற்று மாநிலத்தில், வாடகை வீட்டில், வேற்று மொழியாரிடையே வாழும் நமக்கு ஒரு தளர்ந்த தாழ் எத்துணைப் பகையை வருவிக்கும் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை. வீட்டுக்காரரிடம் மறைத்து வளர்ப்பதும் நன்றன்று. முன்னரே சொல்லி, சீட்டைக் காட்டி, பூட்டையும் காட்டிவிடுதல் நம் மதிப்பைக் காக்கும்.

இன்னும் ஒன்றுண்டு. பேழையின் விலையைக் கணக்கிடுவோர் காலத்தைக் கணக்கிடுவதில்லை. நன்கு பேணினால் கார்ன் பாம்பு 15 முதல் 20 ஆண்டுகளும், பால் பைத்தான் 20 முதல் 30 ஆண்டுகளும் வாழும். அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் விலங்குக் காட்சிச்சாலைக்கு 1961இல் வந்து சேர்ந்த பால் பைத்தான் ஒன்று, 62 வயது கடந்த நிலையில் 2020இல் முட்டையிட்டது. பதினான்கு வயதில் ஒரு சிறுவன் விரும்பிக் கேட்கும் பாம்பு, அவன் கல்லூரி சென்று, வேலை தேடி, மணம் புரிந்த பின்னும் அதே பேழையில் நீர் மாற்றுவார் யாரென்று காத்திருக்கும். மாற்றலாகி மாநிலம் விட்டு மாநிலம் செல்லும் நம் போன்றோர்க்கு இக்கேள்வி மேலும் கடியது.

மேல்மாடிப் பாம்பு பிழைத்துக்கொண்டது. புண் ஆற வாரங்கள் பல சென்றன. இரு முறை சட்டை உரித்த பின்னும் வடு மறையவில்லை. இப்பொழுது பேழையின் மூன்றில் ஒரு பங்குக்கே விரிப்பு இருக்கின்றது, கட்டுப்படுத்தியும் வந்துவிட்டது. சுவரில் ஒரு தாளை ஒட்டி, காலையும் மாலையும் இரு பக்கத்து வெப்பத்தையும் அச்சிறுவன் குறித்து வருகின்றான். அவன் தந்தைக்கு வரும் ஆண்டில் மாற்றல் வரக்கூடும் என்கின்றனர். "சென்னையானாலும் குவாஹாட்டியானாலும் நான்தான் பார்த்துக்கொள்வேன், மாமா" என்று நம்மிடம் சொன்னான். அந்தத் தாளில் ஒரு நாளும் விடுபடாதிருப்பதைக் கண்ட நாம் அவன் சொல்லை நம்புகின்றோம். அந்தத் தாளை நாள் தவறாமல் எழுத வல்ல பிள்ளை வீட்டிலிருந்தால் பேழை வாங்குங்கள். இல்லையேல் வாங்காதிருத்தலே பாம்புக்குச் செய்யும் நன்மை.